பட்டாளத்தில் கசையடி எப்போது நின்றது? வேலூர் கோட்டையில் கிளம்பிய ஒரு சந்தேகம்

அகழிக்கரை
ஞாயிறு, மாலை 6:12

போன வாரம் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு வேலூர் கோட்டைக்குப் போயிருந்தேன். கோயில், மியூசியம் எல்லாம் பார்த்து முடித்து, வெளியே மக்கான் பக்கம் இருக்கிற சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணையும் காட்டினேன். பாடத்தில் வந்திருக்கும் போல, "தெரியும் சித்தி, தொப்பிக்காகச் சண்டை போட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 1806 ஜூலை 10 எல்லோருக்கும் தெரிந்த தேதி. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மே மாதத்தில், புதுத் தலைப்பாகையைப் போட மாட்டோம் என்று சொன்ன சிப்பாய்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்திருக்கிறார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இரண்டு பேருக்குக் கசையடி கொடுத்து வேலையை விட்டும் துரத்தியிருக்கிறார்கள். இது என் மனதில் ஒட்டிக்கொண்டது. தொப்பி ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த அடிதான் மற்றவர்களைக் கிளப்பிவிட்டதோ என்று தோன்றுகிறது.

பட்டாளத்தில் கசையடி எப்போது நின்றது? வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் அதே அடிதானா? அப்புறம் முக்கியமான கேள்வி, இப்படி அடித்ததால் படை ஒழுங்காக இருந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடுக்காய்
ஞாயிறு, மாலை 6:40

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். கையில் துப்பாக்கி வைத்திருக்கிற ஆயிரம் பேரை வேறு எப்படிக் கட்டி மேய்ப்பது? இன்று ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு 1806-ஐக் குறை சொல்வது சுலபம்.

பழங்கணக்கு
ஞாயிறு, இரவு 9:05

அகழிக்கரை, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் கசையடி எப்படி நடக்கும் என்று பார்த்தால்தான் மற்றது புரியும். காலாட்படையில் சார்ஜென்ட்கள் வைத்திருக்கும் மூன்று நீண்ட ஈட்டிகளை முக்காலி மாதிரி கட்டி நிறுத்துவார்கள். குற்றவாளியின் சட்டையைக் கழற்றி, கை காலை அதில் இழுத்துக் கட்டுவார்கள். ரெஜிமென்ட் முழுக்கச் சதுரமாகச் சுற்றி நிற்கும், ஒருவரும் விலக்கில்லை. அடிப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? பேண்டில் முரசு அடிக்கிற பையன்கள். அவர்கள் கையில் ஒன்பது வால் சாட்டை. ஒருவன் 25 அடி அடித்ததும் கை ஓயாதபடி அடுத்தவன் வருவான், பின்னால் முரசுத் தலைவன் நின்று அடி பலமாக விழுகிறதா என்று பார்ப்பான். டாக்டரும் இருப்பார். இனி தாங்க மாட்டான் என்று அவர் சொன்னால் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பழைய நாட்களில் முதுகு ஆறியதும் திரும்பக் கூட்டிவந்து பாக்கி அடியைக் கொடுத்த வழக்கமும் உண்டு. கடன் பாக்கி வசூல் மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது, அடி வாங்குகிறவன் ஒருவன், நிற்க வைக்கப்பட்டவர்கள் ஆயிரம் பேர். அடியே அந்த ஆயிரம் பேருக்காகத்தான். அவனைத் திருத்துவதுதான் நோக்கம் என்றால் ஒரு அறைக்குள் வைத்து அடித்திருக்கலாமே. ராணுவத் தண்டனை எப்போதுமே ஒரு கூத்து, பார்ப்பதற்கு ஆள் வேண்டும். பார்க்கிறவன் பயந்தால் கூத்து ஜெயித்தது. அவன் கோபப்பட்டால் அன்றைக்கே ஆபத்து ஆரம்பம். வேலூரில் மே மாதம் அடித்தார்கள், ஜூலையில் நடந்தது உங்களுக்கே தெரியும். நள்ளிரவு தாண்டி எழுந்த சிப்பாய்கள் கோட்டையிலிருந்த 69-ஆவது ரெஜிமென்ட் வெள்ளைக்காரர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லெஸ்பி என்ற வெள்ளைக்காரத் தளபதி வந்து அடக்கினார். அரண்மனைப் பக்கம் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்தி அங்கேயே சுட்டார்கள், விசாரணை எல்லாம் கிடையாது. பிறகு நடந்த விசாரணைக்கப்புறம் 6 பேரை பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், 5 பேரைச் சுட்டார்கள், 8 பேரைத் தூக்கிலிட்டார்கள். இதுவும் படையை நிறுத்தி வைத்துக் காட்டிய கூத்துதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் வில்லியம் பெண்டிங்க். தலைப்பாகை விதி தளபதி கிராடாக்குடைய வேலை என்றாலும், இருவரையுமே லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. அதே பெண்டிங்க் இருபது வருடம் கழித்து கவர்னர் ஜெனரலாக வந்தார். நாட்டை விட்டுக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு, 1835 பிப்ரவரியில், இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடியே கிடையாது என்று உத்தரவு போட்டார். வேலூர் அவருக்குள் எந்த அளவுக்கு வேலை செய்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மறந்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அகழிக்கரை
ஞாயிறு, இரவு 9:31

அப்படியென்றால் 1835-இலேயே நின்றுவிட்டதா?

பழங்கணக்கு
ஞாயிறு, இரவு 9:58

எங்கே நின்றது! 1845-இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் ஹார்டிங்க் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பத்து வருடத்தில் ஒரு விசித்திரமான நிலைமை. ஒரே கண்டோன்மென்டில், ஒரே குற்றத்துக்கு, வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு முதுகு கிழியும், நம்ம ஆளுக்கு வேலை மட்டும் போகும். இதை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா என்று ஆபீசர்கள் புலம்பினார்கள். இன்னொரு பக்கம், அடி இல்லாததால் கை கால் விலங்கோடு சாலையில் கைதிகளோடு மண் சுமக்கிற தண்டனை வந்தது. மேல்சாதிச் சிப்பாய்க்கு அதைவிட அடியே மேல் என்று வாதம் வைத்தார்கள். சிப்பாயைக் கேட்டுச் சொன்னார்களா, இவர்களாகச் சொன்னார்களா என்பது வேறு விஷயம்.

மொத்தக் கணக்கு இதுதான். பிரிட்டிஷ் ராணுவத்தில் 1868-இல் அமைதிக் காலக் கசையடி போனது, 1881-இல் முழுசாகப் போனது. இந்திய ராணுவத்தில் அதற்கப்புறமும் இருந்தது. முதல் உலகப் போரில் பிரான்ஸ் மண்ணில் பக்கத்துப் பக்கத்துப் பதுங்குகுழியில் நின்ற இரண்டு பேரில், வெள்ளைக்காரனை அடிக்கச் சட்டம் இல்லை, இந்தியனை அடிக்கச் சட்டம் இருந்தது. 1920-இல்தான் எடுத்தார்கள். 1835-இல் நமக்கு முதலில் போனது, கடைசியில் நமக்குத்தான் கடைசியாகப் போனது.

மெழுகுவர்த்தி
திங்கள், காலை 7:20

வெள்ளைக்காரர்களுக்கு எப்படிப் போனது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குக் காரணம் ஒரு சாதாரண சிப்பாயின் பிணம்.

1846 ஜூன், லண்டனுக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோ பாரக்ஸ். ஏழாவது ஹுஸார் குதிரைப்படையில் ஃபிரடெரிக் ஜான் ஒயிட் என்ற சிப்பாய், குடிபோதையில் ஒரு சார்ஜென்டை அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார். தண்டனை 150 கசையடி. குதிரைப்படை என்பதால் முரசுக்காரர்கள் இல்லை, குதிரைக்கு லாடம் அடிக்கிற இரண்டு பேர் மாறி மாறி அடித்தார்கள். லாடம் அடிக்கிறவன் கை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றி நின்றவர்களில் சிலர் மயங்கி விழுந்தார்கள்.

ஒயிட் நான்கு வாரத்தில், ஜூலை 11-ஆம் தேதி செத்துப்போனார். ராணுவ டாக்டர்கள் இதயம், நுரையீரல் என்று ஏதோ எழுதி, அடிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். விஷயம் அங்கேயே புதைந்திருக்கும். உள்ளூர்ப் பாதிரியார்தான் சந்தேகப்பட்டு, மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்லாமல் அடக்கம் செய்ய மாட்டேன் என்று நின்றார். அந்த அதிகாரி யார் தெரியுமா, தாமஸ் வாக்லி. லான்செட் மருத்துவப் பத்திரிகையை ஆரம்பித்தவர், எம்.பி.யும் கூட. அவர் விடுவாரா? வெளியிலிருந்து எராஸ்மஸ் வில்சன் என்ற டாக்டரை வைத்து முதுகெலும்பைப் பரிசோதிக்க வைத்தார். கசையடியால்தான் சாவு என்று ஜூரி தீர்ப்பு சொன்னது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அடுத்த மாதமே 50 அடிக்கு மேல் கூடாது என்று உத்தரவு வந்தது. தலைமைத் தளபதி அப்போது வெலிங்டன், கசையடி வேண்டும் என்று வருடக்கணக்கில் பிடிவாதமாக நின்ற மனிதர்.

பழங்கணக்கு சொன்ன கூத்துக் கணக்குதான் இங்கேயும். பாரக்ஸுக்குள் நடந்த கூத்தை வெளியே இருந்த ஊர் பார்த்துவிட்டது, அவ்வளவுதான்.

கடுக்காய்
திங்கள், காலை 8:02

ஒரு ஆள் செத்ததை வைத்து முழுக் கதையையும் முடிக்காதீர்கள். அதே வெலிங்டனின் படைதான் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தது. அடி வாங்கிய படைதானே அது?

பழங்கணக்கு
திங்கள், காலை 8:30

எதிரே நின்ற நெப்போலியன் படையில் கசையடி கிடையாது. அந்தப் படை இருபது வருடம் ஐரோப்பாவையே ஓட ஓட விரட்டியது. ஒரு சண்டையை வைத்து எந்தப் பக்கமும் பேசலாம்.

முன்னாள் நாயக்
திங்கள், மாலை 4:45

எல்லாரும் புத்தகத்தில் இருந்து எழுதுகிறீர்கள், நான் வாங்கினதை எழுதுகிறேன். 17 வருட சர்வீஸ். ரெஜிமென்ட் பெயர் வேண்டாம்.

நம்ம ராணுவத்தில் அடி கிடையாது, சட்டப்படி. ஆனால் பிட்டு என்று ஒன்று உண்டு. முதுகுப் பையில் மணலோ செங்கல்லோ நிரப்பிக் கட்டிக்கொண்டு மதியம் இரண்டு மணி வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஓடு என்றால் ஓட வேண்டும், உருளு என்றால் பையோடு உருள வேண்டும். வார் தோளை அறுத்து அடுத்த நாள் சட்டை ஒட்டிக்கொள்ளும். டிரெயினிங்கில் எங்கள் பிளட்டூனில் ஒருத்தன் ராத்திரி சென்ட்ரி டூட்டியில் தூங்கிவிட்டான். அவனை ஓட விடவில்லை. அவனை நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டு எங்கள் எல்லாரையும் ஓட விட்டார்கள். ஒன்றரை மணி நேரம். அவன் அழுதான். நாங்கள் ராத்திரி அவனோடு பேசவில்லை, யாரும் பேசக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை, தானாகவே பேசவில்லை. அவன் தட்டை எடுத்துக்கொண்டு மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் அவன் சென்ட்ரியில் கண்ணை மூடவே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பழங்கணக்கு சார் கூத்து என்றது சரிதான். ஆனால் எங்கள் உஸ்தாத், பயிற்சி கொடுக்கிறவர், அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். குற்றவாளியைப் பார்வையாளராக உட்கார வைத்துவிட்டார்.

ரோமாபுரி
திங்கள், மாலை 5:30

நாயக் அண்ணே, உங்கள் உஸ்தாத் ரோம் படையில் இருந்திருந்தால் சென்டூரியன், அதாவது ஒரு பிரிவின் தலைவர், ஆகியிருப்பார்.

ரோமில் காவலில் தூங்குகிறவனுக்கு இதுதான் கதி. விசாரித்து முடிந்ததும் ட்ரிப்யூன் என்ற மேலதிகாரி ஒரு தடியால் அவனை லேசாகத் தொடுவார், தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அப்புறம் முகாமில் இருக்கிற மொத்தப் பேரும் தடியும் கல்லுமாக அவன் மேல் விழுவார்கள். அவன் தூங்கியதால் செத்திருக்க வேண்டியவர்கள் யாரோ, அவர்கள் கையாலேயே தண்டனை. தப்பிப் பிழைத்தாலும் ஊருக்குத் திரும்ப முடியாது, சொந்தக்காரர்கள் வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

அதைவிடப் பெயர் போனது பத்தில் ஒருவர் தண்டனை. ஒரு பிரிவு மொத்தமாகப் பயந்து ஓடிவிட்டால், சீட்டுக் குலுக்கி பத்துக்கு ஒருவனை எடுத்து, மீதி ஒன்பது பேரை விட்டே அடித்துக் கொல்ல வைப்பது. பிழைத்தவர்களுக்குக் கோதுமைக்குப் பதில் பார்லி, படுக்கை முகாம் அரணுக்கு வெளியே. பார்லி என்றால் அங்கே கழுதைத் தீனி, அந்த அவமானம் வேறு. கிமு 71 வாக்கில் அடிமைக் கலகத் தலைவன் ஸ்பார்டகஸை எதிர்த்துப் போன ரோமத் தளபதி க்ராஸஸ், நெடுநாள் கைவிடப்பட்டிருந்த இந்த வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்தார்.

ஆனால் அன்றாடத்துக்கு அவ்வளவு நாடகம் இல்லை, சென்டூரியன் கையில் ஒரு திராட்சைக் கொடித் தடி இருக்கும், அதுதான் எல்லாம். ஒருத்தருக்குச் சிப்பாய்கள் 'இன்னொண்ணு கொண்டா' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். சிப்பாய் முதுகில் அடித்து அடித்துத் தடி உடைந்ததும், இன்னொண்ணு கொண்டா என்று கேட்பாராம். கிபி 14-இல் அகஸ்டஸ் செத்ததும் பன்னோனியாவில் படை கலகம் பண்ணியபோது முதலில் செத்தவர்களில் அவரும் ஒருவர்.

கடுக்காய்
திங்கள், மாலை 6:15

அது சரி, ஆனால் அந்த ரோம்தானே ஐநூறு வருடம் ஆண்டது.

ரோமாபுரி
திங்கள், மாலை 6:22

ஆண்டது. ஆனால் பத்தில் ஒருவரைக் கொன்றதாக வரும் சம்பவங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. தினசரி நடந்திருந்தால் படையே மிஞ்சியிருக்காதே கடுக்காய்.

பழங்கணக்கு
திங்கள், இரவு 10:10

கூத்து கவிழ்ந்த கதை என்றால் வேலூரைவிடப் பெரியது மீரட். எல்லோரும் 1857 என்றால் கொழுப்புத் தடவிய தோட்டாவைச் சொல்வார்கள். மே 9-ஆம் தேதியை யாரும் சொல்வதில்லை.

ஏப்ரல் 24-இல் மூன்றாவது குதிரைப்படையில் 90 பேரை நிறுத்தி தோட்டாவை எடுக்கச் சொன்னார்கள், 85 பேர் மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் உட்கார்ந்தது. இங்கே ஒரு விஷயம், அந்த நீதிமன்றத்தில் இருந்த 15 பேருமே இந்திய அதிகாரிகள். 14 பேர் குற்றவாளி என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். பத்து வருடக் கடுங்காவல். அதில் வயது குறைந்த 11 பேருக்கு மட்டும் தளபதி ஹெவிட் ஐந்தாகக் குறைத்தார்.

தீர்ப்பைச் சத்தமில்லாமல் நிறைவேற்றியிருக்கலாம். செய்யவில்லை. மே 9 காலையில் மொத்தப் படையையும் மைதானத்தில் நிறுத்தினார்கள், ஒரு பக்கம் வெள்ளைக்காரப் படை குண்டு போட்ட துப்பாக்கியோடு, பீரங்கியோடு. 85 பேரின் சீருடையைக் கழற்றினார்கள். அப்புறம் கொல்லர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவர் காலிலும் விலங்கை வைத்துத் தட்டினார்கள். 85 பேர், ஒவ்வொரு காலாக. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சம்மட்டிச் சத்தம். அதில் பல வருடம் சர்வீஸ் பார்த்த ஆட்கள் இருந்தார்கள். விலங்கோடு நடத்திக் கொண்டுபோகும்போது வரிசையில் நிற்கிற தோழர்களைப் பார்த்து, சும்மா நிற்கிறீர்களே என்று கத்திக்கொண்டே போனார்கள்.

அடுத்த நாள் ஞாயிறு, சாயங்காலம் மீரட் எரிந்தது. முதல் வேலையாகச் சிறையை உடைத்து அந்த 85 பேரை வெளியே கொண்டுவந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக டெல்லி கிளம்பினார்கள்.

தோட்டாவில் கொழுப்பு இருந்ததா இல்லையா என்று இன்னும் சண்டை போடுகிறோம். அந்தச் சம்மட்டி இல்லாவிட்டால் மே 10 இருந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

மெழுகுவர்த்தி
செவ்வாய், காலை 6:50

இதே மாதிரி, ஆனால் எதிர் திசையில், 1764-இல் ஒன்று நடந்திருக்கிறது. பீகாரில் கம்பெனிப் படைத் தளபதி ஹெக்டர் மன்ரோ, சம்பளக் கலகம் செய்த 24 சிப்பாய்களை பீரங்கியில் கட்டிச் சுடத் தீர்ப்பு வாங்கினார். முதல் ஆட்களைக் கட்டப் போகும்போது நான்கு கிரனேடியர்கள் முன்னால் வந்து, சண்டையில் எப்போதும் வலது பக்கம், மரியாதையான இடத்தில் நின்றவர்கள் நாங்கள், சாவிலும் அந்த இடம் எங்களுக்குத்தான் என்று கேட்டார்களாம். கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார மரீன்கள் அழுதார்கள் என்று நேரில் நின்ற ஒரு ஆபீசர் எழுதிவைத்திருக்கிறார். அந்த மரீன்களில் சிலர், 1757-இல் தண்டனையாகப் பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் பிங்கைச் சுட்ட அணியில் இருந்தவர்களாம். அதற்கு அழாதவர்கள் இதற்கு அழுதார்கள்.

ஆனால் மன்ரோ படை அன்று கலையவில்லை. அடுத்த மாதம் பக்ஸாரில் ஜெயித்தது. கடுக்காய் சார்பாக இதையும் சொல்லிவிடுகிறேன், நேர்மைக்காக.

கடுக்காய்
செவ்வாய், காலை 7:15

நன்றி. நூற்றில் ஒருவர் என் பக்கம்.

முதல் உலகப் போரையும் சொல்லுங்களேன். அங்கே சுட்டுக் கொன்றார்கள், ஓடுகிறவனை. பிரிட்டன் ஜெயித்தது.

மெழுகுவர்த்தி
செவ்வாய், மதியம் 1:05

சொல்கிறேன். பிரிட்டிஷ் படையில் மூவாயிரத்துக்கு மேல் மரண தண்டனை விதித்தார்கள், நிறைவேற்றியது 346. பெரும்பாலும் ஓடிப்போனதற்கு. ஜெர்மனி அதே போரில் நிறைவேற்றியது 48 மட்டுமே, அவர்களும் நான்கு வருடம் தாக்குப்பிடித்தார்கள். அதனால் எண்ணிக்கையை வைத்து வெற்றியை அளக்க முடியாது.

346-இல் ஹாரி ஃபார் என்ற ஒருவர். ஷெல் வெடிப்பால் நரம்பு தளர்ந்து ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்த ஆள். 1916-இல் சோம் போரின் நடுவில் முன்னால் போக மாட்டேன் என்றார். விசாரணை இருபது நிமிடம் என்கிறார்கள், வழக்காட அவருக்கு ஆள் இல்லை. அக்டோபரில் ஒரு விடியற்காலையில் சுட்டார்கள், கண்ணைக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கைக்குழந்தையோடு இருந்த மனைவிக்குப் பென்ஷன் கிடையாது, அவமானம் மட்டும். அந்தக் குழந்தை வயதான பிறகு வழக்கும் போராட்டமுமாக நின்று, 2006-இல் 306 பேருக்கு மன்னிப்பு வாங்கும் வரை விடவில்லை. தொண்ணூறு வருடம் கழித்து.

கசையடிக்குப் பதிலாக வந்த முதலாம் நம்பர் களத் தண்டனையும் இருந்தது. வண்டிச் சக்கரத்திலோ கம்பத்திலோ கையையும் காலையும் கட்டி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், 21 நாள் வரை. நடுரோட்டில், போகிற வருகிற பட்டாளமெல்லாம் பார்க்க. சிப்பாய்கள் இதைச் சிலுவையில் அறைதல் என்றுதான் சொன்னார்கள். 1923-இல் நின்றது.

இன்னொன்று, ஆஸ்திரேலியா. அவர்களுடைய சிப்பாய்கள் 121 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டும் ஒருவரைக்கூடச் சுடவில்லை, அவர்கள் சட்டம் விடவில்லை. பிரிட்டிஷ் தளபதி ஹெய்க் திரும்பத் திரும்பக் கேட்டும் ஆஸ்திரேலிய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் படை மோசமாகச் சண்டை போட்டது என்று யாரும் சொன்னதில்லை.

கடுக்காய்
செவ்வாய், மதியம் 1:40

ஆனால் சிறையில் கிடந்த ஆஸ்திரேலியர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதையும் சொல்லியிருக்கலாம்.

மெழுகுவர்த்தி
செவ்வாய், மதியம் 1:52

உண்மை. ஒத்துக்கொள்கிறேன். லீவு எடுக்காமல் காணாமல் போவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள்.

சட்டப்புள்ளி
செவ்வாய், மாலை 7:30

வழக்கறிஞர் என்ற முறையில் இன்றைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 1857 இன்னும் நம்ம சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மீரட்டில் 15 இந்திய அதிகாரிகள் தீர்ப்புச் சொன்னார்கள் அல்லவா? கலகத்துக்கு அப்புறம் அந்த முறையில் நம்பிக்கை போய், கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றமாக உட்கார அதிகாரம் கொடுத்தார்கள். சம்மரி கோர்ட் மார்ஷல் என்கிற அதுவே 1950 ராணுவச் சட்டத்திலும் தொடர்கிறது. அவரே நீதிபதி, அவரே தண்டனை விதிப்பவர். லெப்டினன்ட் கர்னலோ மேலோ என்றால் ஒரு வருடம் வரை சிறை கொடுக்கலாம், வேலையை விட்டும் எடுக்கலாம். பிரிட்டனில்கூட இந்த வடிவத்தில் இல்லை. நான் பார்த்த வழக்குகளில் தண்டனையைவிட வேகம்தான் கொடுமை. காலையில் குற்றச்சாட்டு, சாயங்காலம் கையில் டிஸ்மிஸ் ஆர்டர். 2007-இல் ராணுவத் தீர்ப்பாயச் சட்டம் வந்த பிறகு மேல்முறையீட்டுக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது, சென்னையிலும் ஒரு அமர்வு இருக்கிறது.

சின்னக் குற்றங்களுக்கு 80-ஆம் பிரிவு, 28 நாள் வரை காவல், லைனை (சிப்பாய்கள் தங்கும் இடத்தை) விட்டு வெளியே போகத் தடை, எக்ஸ்ட்ரா டூட்டி, சம்பளப் பிடித்தம். இதில் எங்கேயும் அடி இல்லை, நாயக் சொன்ன பிட்டுவும் இல்லை. இல்லாதது நடக்கிறது என்பதுதான் சங்கதி. அதற்கு மேல் 63-ஆம் பிரிவு, ராணுவ ஒழுங்குக்குக் குந்தகம் என்று ஒரே வரி. எதையும் அதற்குள் திணிக்கலாம்.

அகழிக்கரை
செவ்வாய், இரவு 8:15

சட்டப்புள்ளி, கமாண்டிங் ஆபீசர் முன்னால் நிறுத்துவது எப்படி நடக்கும்? படத்தில் பார்த்ததோடு சரி.

சட்டப்புள்ளி
செவ்வாய், இரவு 8:20

அதை நாயக் ஐயாவிடம்தான் கேட்க வேண்டும். நான் காகிதம் வந்த பிறகு வருகிற ஆள்.

முன்னாள் நாயக்
செவ்வாய், இரவு 9:50

மார்ச் அப் என்போம். நான் ஒரு தடவை போயிருக்கிறேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்தேன். கல்யாணம் முடிந்து இரண்டு நாளில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், ஆறு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். தந்தி கொடுத்தேன், போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் யாரோ மேஜையில் தூங்கியதா, தெரியாது. யாரைச் சொல்லி என்ன.

சி.ஓ., அதாவது கமாண்டிங் ஆபீசர், ஆபீஸ் வாசலில் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றச் சொல்வார்கள். அதைத் தூக்கி ஆபீசர் மேல் எறிந்துவிடக் கூடாதாம், அதற்காக என்று சொல்லிக் கேள்வி. எதுவாக இருந்தாலும், பட்டாளத்துக்காரனுக்கு இடுப்பில் பெல்ட் இல்லாமல் நிற்பது ஊர் நடுவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி. முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன், நடுவில் நான். சுபேதார் மேஜர் லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட் என்று ஓட்டமும் நடையுமாக விரட்டுவார், உள்ளே போனதும் திடீரென்று தம் பிடித்து நிற்க வேண்டும். மேஜைக்கும் எனக்கும் இரண்டு முழம். சி.ஓ. தலையைத் தூக்காமல் காகிதத்தைப் படித்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். அப்பாவைச் சொன்னேன். 14 நாள் என்றார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அபவுட் டர்ன், லெஃப்ட் ரைட்.

ரோமாபுரி
செவ்வாய், இரவு 10:02

14 நாள் என்ன செய்தீர்கள் அண்ணே?

முன்னாள் நாயக்
செவ்வாய், இரவு 10:20

லைனை விட்டு வெளியே போகக் கூடாது. விடியற்காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி ஃபுல் டிரெஸ்ஸில் குவார்ட்டர் கார்டில், காவல் அறையில், ஆஜர் கொடுக்க வேண்டும். பாத்ரூம் கழுவினேன், புல் பிடுங்கினேன், கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பட்டாளத்தில் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்காத ஆள் கிடையாது. அது பெரிய விஷயமே இல்லை.

அன்று என்னோடு இன்னொருத்தனும் மார்ச் அப். வெளியே வந்த அவசரத்தில் பெல்ட் மாறிவிட்டது. அவன் என்னைவிட நல்ல பருமன். ஸ்டோரில் போய்க் கேட்டால் அதற்கு ஒரு சார்ஜ் போடுவார்கள் என்று பயந்து கேட்கவில்லை, அவன் அடுத்த வாரமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். நான் அதை இழுத்து மடித்துப் போட்டுக்கொண்டு, புதுசு இஷ்யூ ஆகும் வரை இரண்டரை வருடம் ஓட்டினேன்.